“உங்களைப் பத்திச் சொல்லுங்க”: ப்ராடக்ட் ஓனர் இண்டர்வியூவின் முதல் ஒன்றரை நிமிடம் எங்கே பழுதாகிறது?

ப்ராடக்ட் ஓனர் வேலைக்கான இண்டர்வியூ பெரும்பாலும் “டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்” என்றுதான் தொடங்கும். நீங்கள் சொல்லும் பதில் சரியில்லை என்று பேனலில் யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்து அவர்கள் என்ன கேட்கிறார்கள், எங்கே குறுக்கிடுகிறார்கள், எப்போது கண் ரெஸ்யூம் பக்கம் போகிறது என்று கவனித்தால் பழுது எந்த இடத்தில் என்று பிடித்துவிடலாம். கடலூர், புதுச்சேரியில் வீட்டு அறையில் உட்கார்ந்து ஆன்லைனில் பேசுபவர்களையும், பஸ் ஏறி ஓ.எம்.ஆர். போய்ப் பேசுபவர்களையும் மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது, எதைச் செய்யவே வேண்டாம் என்று தீர்மானிப்பதுதான் ப்ராடக்ட் ஓனரின் அன்றாட வேலை. உங்கள் பத்து வருட வாழ்க்கையிலிருந்து ஒன்றரை நிமிடத்துக்கு எதை எடுக்கிறீர்கள் என்பதும் அதே வேலைதான். நீங்கள் பேக்லாக்கை, அதாவது ப்ராடக்டுக்குச் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலை, எப்படி அடுக்குவீர்கள் என்பதன் முதல் சாம்பிளாகவே பேனல் அதைக் கேட்கிறது. கீழே வரும் பழுதுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

முதலில் அளந்து பாருங்கள்

இப்போது சொல்லிக்கொண்டிருக்கும் அறிமுகத்தை எதையும் திருத்தாமல் போனில் ஒருமுறை பதிவு செய்யுங்கள். கேட்கும்போது மூன்று எண்களைக் குறியுங்கள். மொத்தம் எத்தனை வினாடி? நீங்கள் பார்த்துக்கொள்ளும் ப்ராடக்ட் என்ன, அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்பது எத்தனையாவது வினாடியில் வந்தது? நீங்களே எடுத்த முடிவு என்று சொல்லத்தக்கவை எத்தனை?

80 முதல் 100 வினாடி, 15 வினாடிக்குள், குறைந்தது ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் அடிப்படை சரி. முதல் எண் 200ஐத் தாண்டி, மூன்றாவது பூஜ்யமாக இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலானோர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அறிகுறி: இரண்டாவது நிமிடத்தில் “ஓகே... ஓகே... கிரேட்” என்று வெட்டுகிறார்கள்

காரணம், கதை பிறந்த ஊரிலிருந்து தொடங்குவது. “மஞ்சக்குப்பத்தில் ஸ்கூல், புதுச்சேரியில் இன்ஜினியரிங், அப்பா ரிட்டயர்ட் டீச்சர், 2016இல் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன்...” கல்லூரி பிளேஸ்மெண்ட் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அடுக்கு இது. சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாத வயதில் அது சரி. எட்டு வருட அனுபவத்தோடு அதே வரிசையில் வந்தால், இன்றைய வேலைக்கு வந்து சேர்வதற்குள் கேட்பவர் பொறுமை தீர்ந்துவிடும்.

சரிசெய்ய, காலத்தைத் தலைகீழாக்குங்கள். முதல் 20 வினாடி: இப்போது எந்த ப்ராடக்ட், யார் பயன்படுத்துகிறார்கள், டீம் எவ்வளவு பெரியது. அடுத்த 45 வினாடி: ஒரே ஒரு முடிவின் கதை. கடைசி 25 வினாடி: இந்த வேலை ஏன். பதற்றமில்லாமல் ஆங்கிலம் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 130 சொல் வரும். 90 வினாடிக்கு 195. எழுதிப் பார்த்தது 200 சொல்லைத் தாண்டினால் வேகமாகப் பேசிச் சமாளிக்காதீர்கள், வெட்டுங்கள். பள்ளி, மதிப்பெண் சதவீதம், குடும்பம், பொழுதுபோக்கு, டூல் பட்டியல் என்ற வரிசையில் வெட்டலாம். ஜிரா (வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் டூல்) தெரியும் என்பது ரெஸ்யூமில் இருக்கிறது. அதற்கு வாயைச் செலவழிக்க வேண்டாம்.

அறிகுறி: முடித்ததும் “அப்போ நீங்க பிசினஸ் அனலிஸ்டா, ஸ்க்ரம் மாஸ்டரா?” என்று கேட்கிறார்கள்

இதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கும் பழுது. கேள்வி சாதாரணமாகத்தான் ஒலிக்கும். ஆனால் உங்கள் பதவிப் பெயரைப் பேனல் நம்பவில்லை என்று அதற்கு அர்த்தம்.

பழுது வினைச்சொற்களில் இருக்கிறது. “ரிக்வயர்மெண்ட் வாங்கினேன், டாக்குமெண்ட் பண்ணினேன், கிளையண்டுக்கும் டெவலப்பருக்கும் நடுவில் பாலமாக இருந்தேன்” என்றால் கேட்பவர் காதில் விழுவது பிசினஸ் அனலிஸ்ட். “டெய்லி ஸ்டாண்ட்-அப் நடத்தினேன், டீமுக்கு வந்த தடைகளை நீக்கினேன்” என்றால் ஸ்க்ரம் மாஸ்டர். “டைம்லைன் பார்த்துக்கொண்டேன், ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அனுப்பினேன்” என்றால் ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர். சர்வீஸ் கம்பெனிகளில் இந்த நான்கு வேலையும் ஒரே ஆள் தலையில்தான் விழுகிறது, உண்மைதான். ஆனால் அறிமுகத்தில் நான்கையும் கலந்து கொடுத்தால் ப்ராடக்ட் ஓனர் எந்தப் பக்கம் என்று தேடவேண்டியிருக்கும்.

கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் எழுதிய ஸ்க்ரம் (சின்னச் சின்னச் சுற்றுகளாக ப்ராடக்டைக் கட்டும் முறை) கையேட்டின் 2020 பதிப்பை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். மிகச் சிறியது, அரை மணி நேரம் போதும். ப்ராடக்டின் மதிப்பை முடிந்தவரை உயர்த்துவதற்கு ப்ராடக்ட் ஓனர் பொறுப்பு என்கிறது அது. ப்ராடக்ட் இலக்கை வகுத்துத் தெளிவாகச் சொல்வது, பேக்லாக் உருப்படிகளை உருவாக்குவது, வரிசைப்படுத்துவது, அந்த பேக்லாக் எல்லார் கண்ணுக்கும் புரியும்படி இருப்பதைப் பார்த்துக்கொள்வது என்று வேலைகளையும் சொல்கிறது. ஸ்பிரிண்ட் எனப்படும் அந்தச் சுற்றை ரத்துசெய்யும் அதிகாரம் ப்ராடக்ட் ஓனருக்கு மட்டுமே. டெய்லி ஸ்க்ரம் (பலர் ஸ்டாண்ட்-அப் என்று சொல்வது) என்ற 15 நிமிடக் கூட்டம் டெவலப்பர்களுடையது. ஆகவே “தினமும் ஸ்டாண்ட்-அப் நடத்துவேன்” என்று பெருமையாகத் தொடங்கினால், கையேட்டைப் படித்த பேனல் உறுப்பினர் முதல் வரியிலேயே உங்களை வேறு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார். இன்னொன்று: யூசர் ஸ்டோரி (பயனாளருக்கு என்ன வேண்டும் என்று எழுதும் சிறு குறிப்பு) என்ற சொல்லே அந்தக் கையேட்டில் கிடையாது. “300 யூசர் ஸ்டோரி எழுதியிருக்கேன்” என்பது எத்தனை பக்கம் தட்டச்சு செய்தீர்கள் என்ற கணக்கு மட்டும்தான்.

சரிசெய்யும் முறை: எழுதிவைத்த அறிமுகத்தில் எல்லா வினைச்சொல்லையும் அடிக்கோடிடுங்கள். தேர்ந்தெடுத்தேன், தள்ளிவைத்தேன், மறுத்தேன், நிறுத்தினேன், முன்னால் கொண்டுவந்தேன், அளந்தேன், பயனாளரோடு உட்கார்ந்து பார்த்தேன்: இந்த வகையில் குறைந்தது மூன்று இருக்கவேண்டும். அதில் ஒன்று கட்டாயம் “மறுத்தேன்” அல்லது “தள்ளிவைத்தேன்” ஆக இருக்கட்டும். யாரிடமும் எதற்கும் முடியாது என்று சொல்லாத ப்ராடக்ட் ஓனர் கேட்டதையெல்லாம் எழுதிக்கொள்ளும் ஆர்டர் புத்தகம்.

ஒரு கற்பனை உதாரணம். இண்டர்வியூவில் ஆங்கிலத்தில் சொல்வீர்கள். இங்கே பேச்சுத் தமிழில்:

“மருந்துக்கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் ஒண்ணுக்கு ப்ராடக்ட் ஓனரா இருக்கேன். சுமார் 400 கடைங்க யூஸ் பண்றாங்க, டெவலப்பர்ஸ் ஆறு பேர். போன வருஷம் சேல்ஸ் டீம் லாயல்டி பாயிண்ட் வசதி கேட்டாங்க. அதே சமயம் சப்போர்ட்டுக்கு வர்ற கால்களைப் பிரிச்சுப் பாத்தேன். நாலுல ஒண்ணு, காலாவதி ஆன மருந்தை டிஸ்ட்ரிபியூட்டருக்குத் திருப்பி அனுப்புறதுல வர்ற குழப்பம். அதனால லாயல்டியை மூணு மாசம் தள்ளிவெச்சு ரிட்டர்ன் வசதியை முன்னால கொண்டுவந்தேன். சேல்ஸ் ஹெட் ஒத்துக்கல. ரெண்டு கடையில உக்காந்து எடுத்த குறிப்பைக் காட்டின பிறகு சரின்னாரு. மூணு ஸ்பிரிண்ட்ல டீம் முடிச்சுக் கொடுத்தாங்க. ரிலீஸுக்கு முந்தின மூணு மாசத்துல சராசரியா மாசம் 120 இருந்த அந்த வகை கால், அடுத்த மூணு மாசத்துல 45 ஆச்சு. முதல் வெர்ஷன்ல பேட்ச் நம்பரைக் கையால அடிக்க விட்டது என் தப்பான கணிப்பு. கடைக்காரங்க திட்டினாங்க, அடுத்த ரிலீஸ்ல ஸ்கேன் பண்ற மாதிரி மாத்தினோம். உங்க ப்ராடக்டும் கவுண்டர்ல அவசரத்துல நிக்கிறவருக்கானதுதான். அதனாலதான் இந்த வேலைக்கு அப்ளை பண்ணேன்.”

இதில் டிகிரி, டூல், சான்றிதழ் எதுவும் இல்லை. பேனல் அடுத்து என்ன கேட்கும் என்பதும் ஏறத்தாழ உங்கள் கையில் வந்துவிட்டது: சேல்ஸ் ஹெட் கதை, அல்லது பேட்ச் நம்பர் கதை. இரண்டுக்கும் இரண்டு நிமிடப் பதில் தயாராக வைத்திருங்கள். தவறைச் சொன்ன வரியை நீக்கிவிட மனம் வரும், நீக்காதீர்கள். சிறிய தவறு, காரணம், திருத்தம் மூன்றும் பத்து வினாடியில் வந்துவிடுவதால் மீதிக் கதைக்கு நம்பகம் கூடுகிறது.

வேலை அறிவிப்பில் “சேஃப்” (பல டீம்கள் சேர்ந்து வேலை செய்யும் பெரிய கம்பெனிகளுக்கான முறை), “பி.ஐ. பிளானிங்” (அந்த முறையில் டீம்கள் கூடித் திட்டமிடுவது) போன்ற சொற்கள் இருந்தால் கொஞ்சம் மாற்றவேண்டும். அந்த அமைப்பில் ப்ராடக்ட் மேனேஜர் தனி, ப்ராடக்ட் ஓனர் தனி; சந்தை, ரோட்மேப் முன்னவரிடம், டீம் பேக்லாக் பின்னவரிடம். அங்கே போய் “ப்ராடக்ட் விஷன் முழுக்க என்னுடையது” என்று முழங்கினால், எதிரே உட்கார்ந்திருக்கும் ப்ராடக்ட் மேனேஜர் தன் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். டீமோடு செய்த வரிசைப்படுத்தலையும், ஸ்டோரியை ஏற்றதையும் திருப்பி அனுப்பியதையும் முன்னால் வையுங்கள்.

அறிகுறி: “இதுல உங்க பங்கு என்ன?” என்று இரண்டு முறை கேட்கிறார்கள்

எல்லா வாக்கியமும் “நாங்க”வில் தொடங்குகிறது. “நான், நான்” என்று சொல்வது அகம்பாவம் என்று வளர்ந்த நமக்கு இது இயல்பாக வருகிறது. ஆனால் ப்ராடக்ட் ஓனர் ஒரே ஒரு ஆள், குழு கிடையாது என்று கையேடே சொல்கிறது. முடிவுக்குப் பொறுப்பான அந்த ஒரு ஆளைத்தான் பேனல் தேடுகிறது. முடிவு என்றால் “நான்”, கட்டியது என்றால் “டீம்”. மேலே உள்ள உதாரணத்தில் “முன்னால கொண்டுவந்தேன்” நான். “முடிச்சுக் கொடுத்தாங்க” டீம். இரண்டும் இருந்தால் அகம்பாவமாகவும் கேட்காது.

அறிகுறி: எண்ணைச் சொன்னதும் “எப்படிக் கணக்குப் பண்ணீங்க?” என்று பிடித்துக்கொள்கிறார்கள்

கேள்வி நல்லதுதான், பதில் தடுமாறினால்தான் பழுது. அறிமுகத்தில் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு விஷயம் தெரிந்திருக்கவேண்டும்: முன்பு எவ்வளவு, பிறகு எவ்வளவு, எந்தக் காலத்தில், எங்கிருந்து எடுத்தது. நான்கில் ஒன்று தெரியாவிட்டால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

சதவீதத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்டரைப் பாதியில் விட்டுப்போனவர்கள் 100க்கு 38 பேராக இருந்து 26 ஆனார்கள் என்று வையுங்கள். இதை “12 சதவீதம் குறைந்தது” என்று சொல்பவர்கள் உண்டு, “32 சதவீதம் குறைந்தது” என்று சொல்பவர்களும் உண்டு. குறைந்தது 12 சதவீதப் புள்ளி. இருந்ததோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 32 சதவீதம். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் பெரிய எண்ணை மட்டும் போட்டால், டேட்டா தெரிந்த ஒருவர் பேனலில் இருந்தால் போதும், மிச்ச அறிமுகம் சந்தேகத்தோடே கேட்கப்படும். “38லேர்ந்து 26” என்று இரண்டு எண்ணையும் சொல்லிவிடுவதே சுத்தம்.

கம்பெனி ரகசியமாக வைத்திருக்கும் வருமானம், வாடிக்கையாளர் பெயர் இவற்றை வெளியே சொல்லக்கூடாது. “மூன்றில் ஒரு பங்கு குறைந்தது” என்று விகிதமாகச் சொன்னால் போதும். பழைய கம்பெனியின் ரகசியத்தை இங்கே கொட்டுபவர் நாளை நம்முடையதை எங்கே கொட்டுவாரோ என்று யோசிக்கத்தான் செய்வார்கள்.

அறிகுறி: “புதுச்சேரியா! போன மாசம்தான் பீச்சுக்கு வந்தோம்” என்று பேச்சு திசைமாறிப் போகிறது

ஊர்ப்பெயரை முதல் வரியில் வைத்ததன் விளைவு. சிரித்துப் பேசுவதில் தப்பில்லை. ஆனால் 45 நிமிட இண்டர்வியூவில் மூன்று நிமிடம் ராக் பீச்சிலும் கேஃபேயிலும் கரைந்துவிட்டது. ஊரைக் கடைசி 25 வினாடிக்குத் தள்ளி, அதில் பேனலுக்குத் தேவையான தகவலையும் சேருங்கள்: “வீடு புதுச்சேரி, வாரம் மூணு நாள் ஆபீஸ்னா சென்னையில தங்கிக்கிறேன்.” ஹெச்.ஆர். கேட்கத் தயங்கும் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிரெஞ்சு சரளமாகப் பேசுவீர்கள், கம்பெனிக்கு பிரான்சிலோ பெல்ஜியத்திலோ வாடிக்கையாளர் இருக்கிறார்கள் என்றால் அதை முதல் 20 வினாடிக்குள் கொண்டுவாருங்கள். “பிரெஞ்சு தெரியும்” என்று தனியாகச் சொல்லாமல், “லியோன்ல இருக்கிற பயனாளர்களோட மொழிபெயர்ப்பாளர் இல்லாம நேரடியாப் பேசி ரிக்வயர்மெண்ட்டை உறுதிப்படுத்தினேன்” என்பதுபோல வேலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். பிரான்ஸ் நேரம் குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி பின்னால் ஓடுகிறது. அந்த நேரத்துக்கு வேலை செய்து பழக்கம் உண்டு என்பதையும் அதே வரியில் கோத்துவிடலாம். அல்லியான்ஸ் பிரான்சேஸில் ஆரம்பநிலை வகுப்பு முடித்ததோடு சரி என்றால் இதைத் தொடவேண்டாம். பேனலில் ஒருவர் பிரெஞ்சில் ஒரு கேள்வி போட்டால் கதை முடிந்தது.

அறிகுறி: “உங்களுக்கு ஐ.டி. அனுபவமே இல்லையே” என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்

கடலூர் சிப்காட் ரசாயன ஆலையில் உற்பத்தித் திட்டமிடல், நெய்வேலியில் பராமரிப்பு, ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு இது. அவர்கள் அறிமுகம் மன்னிப்புக் கேட்கும் குரலில் தொடங்குகிறது: “நான் சாஃப்ட்வேர் பேக்கிரவுண்ட் இல்ல, ஆனா...” அந்த “ஆனா”வுக்குப் பிறகு எதுவும் காதில் ஏறாது.

அந்த வாக்கியத்தைத் தூக்கிவிட்டு, நீங்கள் ஏற்கெனவே செய்த வரிசைப்படுத்தலைச் சொல்லுங்கள். ஒரே ரியாக்டருக்கு ஐந்து ஆர்டர் காத்திருக்கிறது. எதை முதலில் ஓட்டுவது, ஏன், யார் கோபித்தார்கள், என்ன விளைந்தது? பேக்லாக் என்ற சொல்லைப் பழைய வேலைமேல் ஒட்டாதீர்கள். ஆலையில் என்ன பெயரோ அதையே சொல்லுங்கள். நீங்கள் ஆலையில் தினமும் பயன்படுத்திய சாஃப்ட்வேரில் என்ன தொல்லை, அதை மாற்ற யாரிடம் என்ன கேட்டீர்கள் என்பதும் நல்ல சரக்கு. ஆலை, ஆஸ்பத்திரி, மின்நிலையம் ஆகியவற்றுக்கு சாஃப்ட்வேர் செய்யும் கம்பெனிகளில் முதலில் முயலுங்கள். அங்கே உங்கள் துறை அறிவு பாதி வேலையைச் செய்துவிடும்.

அறிகுறி: சான்றிதழைச் சொன்னதும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை

சி.எஸ்.பி.ஓ. (சர்ட்டிஃபைட் ஸ்க்ரம் ப்ராடக்ட் ஓனர்) வகுப்பில் கலந்துகொண்டால் கிடைப்பது, தனித் தேர்வு கிடையாது. பி.எஸ்.பி.ஓ. (ப்ரொஃபஷனல் ஸ்க்ரம் ப்ராடக்ட் ஓனர்) முதல் நிலைக்கு 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுக்கவேண்டும். பேனலுக்கு இந்த வித்தியாசம் தெரியும். எதுவானாலும் கடைசியில் அரை வரி போதும்.

அறிகுறி: ஒரு சொல் மறந்ததும் மொத்தமும் நின்றுவிடுகிறது

மனப்பாடம். வரிக்கு வரி உருப்போட்டால் நடுவில் ஒரு கண்ணி அறுந்ததும் சங்கிலி போய்விடும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவுக்கு நான்கு சொல் கொண்ட துண்டுச் சீட்டு: “400 கடை, லாயல்டி, ரிட்டர்ன், 120–45.” ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள். ஐந்து முறை போதும். இருபது முறை சொன்னால் மறுபடியும் மனப்பாடமாகிவிடும்.

“மைசெல்ஃப்” என்று தொடங்கும் பழக்கம் இருந்தால் இதோடு அதையும் நிறுத்துங்கள். பேனலில் தமிழர் இருந்தாலும் அவர்களாகத் தமிழுக்கு மாறும்வரை காத்திருங்கள்.

அறிகுறி: “ஹலோ, கேக்குதா? உங்க வாய்ஸ் பிரேக் ஆகுது”

ஆன்லைன் இண்டர்வியூவின் பழுது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடலூர், புதுச்சேரிக் கரையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டருக்கென்றே சின்ன மினி யு.பி.எஸ். விற்கிறார்கள். வாங்கும்முன் ரவுட்டர் அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், ஆனால் 9 வோல்ட் ரவுட்டரும் உண்டு. போன் ஹாட்ஸ்பாட்டை முந்தைய நாளே லேப்டாப்போடு ஒருமுறை இணைத்துப் பாருங்கள். பிராட்பேண்ட் ஒரு கம்பெனி என்றால் சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும்; ஒரே கம்பெனி என்றால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடலாம்.

சீலிங் ஃபேன் சத்தம் லேப்டாப் மைக்கில் புயல்போலக் கேட்கும். வயர் உள்ள இயர்போன் மைக்கைப் பயன்படுத்துங்கள், ஃபேனை ஒரு புள்ளி குறையுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டிவிடும். மேசையைத் திருப்பிப் போட்டால் சரி.

அறிமுகத்தின் நடுவில் லைன் அறுந்து திரும்பச் சேர்ந்தால் முதலிலிருந்து தொடங்காதீர்கள். “கடைசியா எது கேட்டுச்சு?” என்று கேளுங்கள், அங்கிருந்து தொடருங்கள். அவர்களுக்கு நினைவில்லை என்றால் முடிவின் கதைக்கே நேராகப் போங்கள். 20 வினாடி முன்னுரை இல்லாமலும் அது நிற்கவேண்டும். நிற்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அறிகுறி: நேர்முகத்தில் குரல் கம்முகிறது, முதல் வரியே தடுக்குகிறது

பெரும்பாலும் பயணக் களைப்பு. புதுச்சேரியிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். கடலூரிலிருந்து என்றால் இன்னும் 20 கிலோமீட்டருக்கு மேல் கூடும். காலை 10 மணி இண்டர்வியூவுக்கு விடியற்காலை பஸ் ஏறினால் மூன்று, நான்கு மணி நேரம் ஜன்னல் காற்று தொண்டையில். முந்தைய மாலையே போய்விடுங்கள். முடியாவிட்டால் மதியத்துக்கு மேல் நேரம் கேளுங்கள், ஹெச்.ஆர். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். ஓ.எம்.ஆர். ஆபீஸ் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை வழி பஸ்ஸில் திருவான்மியூர் பக்கம் இறங்கிக்கொள்ளலாம், நகருக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை.

ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும்போது மொபைலில் கையேட்டைப் புரட்டவேண்டாம். வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனிடமோ பக்கத்து நாற்காலிக்காரரிடமோ இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசுங்கள். அன்றைக்கு உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் பேனலின் முன்னால் வந்ததாக இருக்கக்கூடாது.